பனிக்கடல் தந்த மயிர்ப்புழுக்கள்

துருவப் பயணங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவன கொடிகளே. எவர் முதலில் சென்றார், எவர் முந்திக்கொண்டார், எவர் பனியில் மாண்டார் என்னும் செய்திகளை நாம் ஆர்வத்தோடு படிக்கிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அக்கப்பல்கள் திரும்பி வந்தபோது, கொடியும் புகழும் தவிர வேறு சில பொருள்களையும் சுமந்து வந்தன. அவை கண்ணாடிப் புட்டிகள். சாராய நீரில் ஊறிய சிறு சிறு உயிர்கள் அவற்றினுள் கிடந்தன. அவ்வுயிர்களுள் எவருடைய கண்ணையும் கவராத ஒரு கூட்டம் உண்டு. அதுவே கடல் மயிர்ப்புழு. அதன் கதையை இத்திங்கள் நம் வாசகர்க்குக் கூற விழைகிறோம். அக்கதையின் ஒரு முனை தென்துருவப் பனிக்கடலில் இருக்கிறது. மறுமுனை நம் பாம்பன் கரையருகே வந்து நிற்கிறது.

மயிர்ப்புழு என்றவுடன் முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்புழுவை எண்ணிவிடுதல் கூடாது. கம்பளிப்புழு ஒரு பூச்சியின் இளம்பருவம்; சில நாளில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். நாம் கூறவந்தது மண்புழுவுக்கு உறவான ஒரு கடலுயிர். மண்புழுவைப் போலவே இதன் உடலும் வளையம் வளையமாக அமைந்தது. ஆனால் மண்புழுவுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. பெரும்பாலான இனங்களில், ஒவ்வொரு வளையத்தின் இருமருங்கிலும் சதையாலான துடுப்புப் போன்ற கால் ஒன்று நீண்டிருக்கும். அக்காலின் நுனியில் கற்றை கற்றையாக மயிர் போன்ற முட்கள் நிற்கும். நண்டின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருளே இம்முட்களிலும் உள்ளது. இவற்றின் மிகுதி பற்றியே அறிவியலார் இவ்வினத்துக்குப் ‘பாலிகீட்டா’ என்று பெயரிட்டனர். பல மயிர்களை உடையது என்பது அதன் பொருள்.

உலகக் கடல்களில் இதுவரை அறியப்பட்ட மயிர்ப்புழு இனங்கள் 10,000க்கும் மேற்பட்டவை. சில புழுக்கள் ஓடித் திரிந்து இரை தேடும். சில மணலையோ சேற்றையோ கொண்டு குழாய் கட்டி, அதனுள் வாழ்நாளைக் கழிக்கும். சில சுண்ணாம்புக் குழாய் கட்டிப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, வாயருகே பூங்கொத்துப் போன்ற இறகுகளை விரித்து நிற்கும். செதிற்புழு என்னும் ஒரு வகை, முதுகில் இரு வரிசையாகத் தகடுகளை ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கி வைத்திருக்கும். தென்துருவக் கடலில் இவ்வகை பெருகி வாழ்கிறது. 1929 முதல் 1931 வரை மாசன் தலைமையில் நடந்த பயணத்தில் கிடைத்த செதிற்புழு ஒன்று ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு வளரக்கூடியது. தாடைகள் பொருந்திய தன் தொண்டையையே வாய்க்கு வெளியே நீட்டி அது இரையைப் பற்றும். 1939ஆம் ஆண்டில் மன்ரோ என்னும் ஆங்கில அறிஞர் அதற்குப் பெயரிட்டபோது, பேருருவினது என்று பொருள்படும் சொல்லையே அப்பெயரில் வைத்தார்.

உப்பு கலந்திருப்பதால் அக்கடல் நீர் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 1.8 பாகை வரையில் குளிர்ந்தும் உறையாது நிற்கிறது. அந்தக் குளிரிலும் இருளிலும் இத்தனை உயிர்கள் குடியிருக்கின்றன என்பதை உலகம் அறிந்தது எவ்வாறு? அதை அறிய நாம் பெல்ஜிகா என்னும் கப்பலில் ஏற வேண்டும்.

பெல்ஜிகா முதலில் நார்வே நாட்டில் கட்டப்பட்ட ஒரு வேட்டைக் கப்பல். பெல்ஜிய நாட்டுக் கடற்படை அதிகாரி அத்ரியேன் தெ ஜெர்லாஷ் அதை வாங்கிப் புதுப்பெயர் சூட்டினார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அது ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பிற்காலத்தில், 1911இல், தென்துருவ முனையை முதலில் எட்டிய அமுண்ட்சென் அதில் ஓர் இளம் மாலுமி அதிகாரி. மருத்துவராக வந்தவர் பிரெடெரிக் குக் என்னும் அமெரிக்கர். உயிர்நூல் அறிஞராக வந்தவர் ருமேனிய நாட்டின் எமில் ராகோவிட்சா. இவர் 1896ஆம் ஆண்டு பாரிசில் அளித்த பட்ட ஆய்வே மயிர்ப்புழுக்களின் தலையையும் மூளையையும் பற்றியது. ஆகவே புழுவின் அருமை தெரிந்த ஒருவரே பனிக்கடலுக்குச் சென்றார் என்பது கருதத்தக்கது.

பயணம் தொடக்கத்திலேயே ஓர் உயிரைக் காவு கொண்டது. 1898 சனவரி 22ஆம் நாள், கார்ல் வின்கே என்னும் இளம் மாலுமி புயலில் கடலில் வீழ்ந்து மாண்டார். அதன்பின் தென்துருவத் தீவக்குறையை ஒட்டிய நீரிணையில் பல இடங்களில் கரையிறங்கி, ராகோவிட்சா பாசிகளையும் சிற்றுயிர்களையும் திரட்டினார். சிறகில்லாத சிறு ஈ ஒன்றும் அங்கே கிடைத்தது. அந்த ஈ இன்றளவும் பெல்ஜிகா என்னும் கப்பலின் பெயரையே தாங்கியுள்ளது.

மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் பெல்லிங்ஸ்ஹௌசன் கடலில் பனி கப்பலை நாற்புறமும் வளைத்துக்கொண்டது. முன்னும் போக இயலவில்லை. பின்னும் திரும்ப இயலவில்லை. ஏறத்தாழ ஓர் ஆண்டுக் காலம் அக்கப்பல் பனிப்பாளத்தோடு பாளமாக மிதந்து அலைந்தது. தென்துருவ வட்டத்துக்கு அப்பால் குளிர்காலம் முழுவதையும் கழித்த முதல் மனிதர்கள் இவர்களே. மே மாத நடுவில் மறைந்த கதிரவன் சூலைத் திங்களின் பிற்பகுதி வரை தலைகாட்டவில்லை. உணவில் புதுமை இல்லாமையால் ஸ்கர்வி என்னும் நோய் பற்றியது. ஈறுகள் வீங்கின, கால்கள் தளர்ந்தன, உள்ளமும் சோர்ந்தது. சூன் 5ஆம் நாள், காந்த ஆய்வுக்கென வந்திருந்த எமில் தான்கோ இதய நோயால் உயிர் நீத்தார். பனியில் துளையிட்டு, அவர் உடலைக் கடலுக்குள் இறக்கினர். எஞ்சியோரைக் காத்தது மருத்துவர் குக்கின் பிடிவாதம். பென்குயின் இறைச்சியையும் கடல்நாய் இறைச்சியையும் அனைவரும் உண்ண வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முதலில் முகம் சுளித்த தலைவரும் பின்னர் உண்டு தேறினார்.

இத்தகைய நிலையில் ஒரு மனிதர் புழு பொறுக்கிக்கொண்டிருப்பாரா என்று வாசகர் வியக்கலாம். அவ்வாறே நடந்தது! பனியில் வெட்டிய துளைகளின் வழியே கயிறு இறக்கி ஆழம் அளந்தார்கள். நீரின் வெப்பம் அளந்தார்கள். வலைகளை இறக்கி அடிக்கடலின் சேற்றையும் உயிர்களையும் மேலே கொண்டு வந்தார்கள். காற்று, குளிர், பனி ஆகியவற்றைப் பற்றி ஆண்டு முழுவதும் எழுதப்பட்ட முதல் தென்துருவக் குறிப்பேடு அக்கப்பலில் எழுதப்பட்டதே. நாளை உயிரோடு இருப்போமா என்பது தெரியாத இடத்தில், இன்றைய அளவை இன்றே குறித்துவைத்தார்கள். அந்த ஒழுங்கே அவர்கள் மனத்தைச் சிதையாது காத்த ஒரு பிடிப்பாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

1899ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மீண்டும் ஒரு குளிர்காலம் வந்தால் பிழைப்பது அரிது என்பதை உணர்ந்து, அனைவரும் இரம்பமும் வெடிமருந்தும் கொண்டு பனியில் கால்வாய் வெட்டத் தொடங்கினர். வாரக்கணக்கில் இரவும் பகலும் உழைத்தனர். மார்ச்சு 14ஆம் நாள் கப்பல் திறந்த கடலை அடைந்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆண்ட்வெர்ப் அவர்களை வரவேற்றது.

அத்துடன் கப்பலின் பயணம் முடிந்தது. புட்டிகளின் பயணமோ அப்பொழுதுதான் தொடங்கியது.

ஒரு பயணத்தில் கிடைக்கும் உயிர்களை ஒருவரே ஆராய இயலாது. மீன் ஒருவரிடம் போகும். நண்டு ஒருவரிடம் போகும். பாசி மற்றொருவரிடம் போகும். அவரவர் தத்தம் ஊரில் அமர்ந்து, பிற நூல்களோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவர். பெல்ஜிகாவின் அறிக்கைகள் பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றாக வெளிவந்தன. ராகோவிட்சா திமிங்கிலங்களைப் பற்றித் தாமே எழுதி 1903இல் வெளியிட்டார். மறு ஆண்டு மயோர்க்காத் தீவில் ஒரு குகைக்குள் சென்ற அவர், அங்குள்ள உயிர்களைக் கண்டு மயங்கி, அதன்பின் குகைவாழ் உயிர்களின் ஆய்வுக்கே தம்மை ஒப்படைத்துவிட்டார். 1920இல் ருமேனியாவின் குளுஜ் நகரில் அதற்கென ஒரு தனி ஆய்வுக்கூடமும் நிறுவினார். தாம் பட்டம் பெற்ற துறையின் உயிர்களை, தம் கையாலேயே பனிக்கடலிலிருந்து எடுத்து வந்தும், அவற்றின் அறிக்கை பிறர் கையால் எழுதப்பட வேண்டியதாயிற்று.

அறிக்கையை எழுதியவர் பியேர் ஃபோவெல். பிரான்சு நாட்டின் ஆஞ்செ நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். அவர் பிறந்தது 1866. பிரெஞ்சு நாட்டு மயிர்ப்புழுக்களைப் பற்றி 1923இலும் 1927இலும் அவர் வெளியிட்ட இரு நூல்கள் உலகெங்கும் இத்துறையினர்க்குக் கைந்நூலாயின. பெல்ஜிகாவின் மயிர்ப்புழு அறிக்கை 1936ஆம் ஆண்டில் வெளிவந்தது. கப்பல் திரும்பி 37 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இடையே ஓர் உலகப் போர் வந்து போயிற்று. தென்துருவ முனையில் அமுண்ட்சென் கொடி நட்டுக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஒரு புழுவுக்குப் பெயர் சூட்ட இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். மயிர்ப்புழுக்களில் பல, கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். சாராயத்தில் ஊறினால் நிறமும் போய்விடும். செதிற்புழுவைத் தொட்டாலே செதில்கள் உதிர்ந்துவிடும். எனவே ஆய்வாளர் ஒரு காலைக் கத்தரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முட்களின் வடிவத்தைப் பார்ப்பார். ஒன்றில் முள்ளின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். ஒன்றில் சீப்புப்போல் பல் இருக்கும். ஒன்றில் முள்ளின் நடுவே மூட்டு இருக்கும். செதில்கள் எத்தனை இணை, தாடைகளின் பற்கள் எத்தனை என்று எண்ணுவார். பின்னர் முன்னோர் வரைந்த படங்களோடு ஒப்பிட்டு, இது பழைய இனமா, புதியதா என்று முடிவு கட்டுவார். பொற்கொல்லர் மாற்றுரைப்பதைப் போன்ற பொறுமை இதற்கு வேண்டும்.

இனி நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில், பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவு உள்ளது. 1927ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகம் அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு விரிவான வெளியீட்டைக் கொணர்ந்தது. அதன் தொடர்ச்சியாக, சென்னை அருங்காட்சியகத்து மயிர்ப்புழுக்களை ஆராய்ந்து 1930இல் அறிக்கை அளித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஆஞ்செ நகரத்து ஃபோவெல்! கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த மயிர்ப்புழுக்களைப் பற்றி 1932ஆம் ஆண்டில் 260 பக்கங்களுக்கு மேல் எழுதியவரும் அவரே. 1953ஆம் ஆண்டில், எண்பது அகவையைக் கடந்த பின்னர், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளின் மயிர்ப்புழுக்கள் அனைத்தையும் தொகுத்து அவர் எழுதிய பெருநூல் அலகாபாத்தில் அச்சாயிற்று. 1958இல் அவர் மறைந்தார். பாம்பன் கரையின் வெதுவெதுப்பான மணலில் வாழ்ந்த புழுவும், பெல்லிங்ஸ்ஹௌசன் கடலின் உறைபனிக்கு அடியில் வாழ்ந்த புழுவும் ஒரே மனிதரின் நுண்ணோக்கியின் கீழ் வந்து சேர்ந்தன என்பது வியப்பன்றோ!

ஃபோவெல் கூறியன யாவும் இன்றும் அப்படியே நிற்கின்றனவா எனில், இல்லை என்றே கூற வேண்டும். ஒரே இனம் பல கடல்களில் பரவி வாழக்கூடும் என்பது அவர் காலத்து அறிஞர் பலரின் கொள்கை. அதனால் ஐரோப்பியக் கரைப் புழுவின் பெயரையே நம் நாட்டுக் கரைப் புழுவுக்கும் பலமுறை இட்டனர். பிற்கால ஆய்வாளர் மீண்டும் கூர்ந்து நோக்கி, அவற்றுட் பல தனித்தனி இனங்கள் என்று பிரித்துள்ளனர். தென்துருவத்திலும் இவ்வாறே ஆயிற்று. கண்டத்தைச் சுற்றிலும் ஒரே இனம் என்று கருதப்பட்டவை சில, மரபணு ஆய்வின்பின் பல இனங்களாகப் பிரிந்தன.

இங்கேதான் அந்தப் புட்டியின் பெருமை விளங்குகிறது. கொள்கை மாறலாம், பெயர் மாறலாம், ஆனால் புட்டியில் உள்ள புழு மாறுவதில்லை. அதனோடு ஒரு சீட்டும் இருக்கும். எந்நாளில், எவ்விடத்தில், எத்தனை ஆழத்தில் எடுக்கப்பட்டது என்பதை அச்சீட்டுச் சொல்லும். நம்மவர் ஊர்விட்டு ஊர் வந்து எத்தனை தலைமுறை ஆயினும், பெயருக்கு முன்னே ஊர்ப்பெயரின் முதலெழுத்தை விடாது சுமந்து வருகிறார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சீட்டு இழந்த புழு ஊர் தெரியாத அனாதை. சீட்டு உள்ள புழுவிடம் நூறாண்டு கழித்தும் ஒருவர் வந்து, ‘நீ எவ்விடத்தைச் சேர்ந்தவன்? உன் காலத்தில் உன் கடல் எப்படி இருந்தது?’ என்று கேட்கலாம், விடையும் பெறலாம்.

அக்கேள்வியை இன்று கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது. 1979 முதல் செயற்கைக்கோள்கள் துருவக் கடல்களின் பனிப்பரப்பைக் கண்காணித்து வருகின்றன. பெல்ஜிகாவை ஓராண்டு சிறைவைத்த பெல்லிங்ஸ்ஹௌசன் கடலில், கடற்பனி அக்காலம் முதல் கணிசமாகக் குறைந்திருக்கிறது. கோடையில் நீரின் மேற்பரப்பில் தழைக்கும் நுண்பாசிகள் மடிந்து கீழே விழுவதே அடிக்கடல் உயிர்கள் பலவற்றுக்கு உணவு. பனி குறைந்தால் அவ்வுணவின் அளவும் காலமும் மாறும். மயிர்ப்புழுக்கள் கடற்சேற்றைக் கிளறிக் காற்றோட்டம் தருகின்றன, மட்கியதை உண்டு துப்புரவு செய்கின்றன, மீன்களுக்கு இரையாகின்றன. நம் வயலில் மண்புழு செய்யும் தொண்டைக் கடலடியில் செய்வன இவையே. இவற்றின் வாழ்வில் நேரும் மாற்றத்தை அளக்க வேண்டுமானால், முன்பு எவை இருந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று பழைய பயணங்களின் புட்டிகளே.

2025ஆம் ஆண்டு சனவரியில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுதல் பொருந்தும். பெல்லிங்ஸ்ஹௌசன் கடலை ஒட்டியுள்ள ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டிலிருந்து, 510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு பாளம் உடைந்து விலகியது. அருகில் இருந்த ஓர் ஆய்வுக் கப்பல் சில நாள்களில் அவ்விடத்தை அடைந்து, இயந்திரக் கலத்தைக் கீழே இறக்கிற்று. அதுவரை கனத்த பனியால் மூடப்பட்டிருந்த அக்கடலடியில் கடற்பஞ்சுகளும், பவளங்களும், பனிமீன்களும், பெரிய கடற்சிலந்திகளும் வாழ்வதைக் கண்டனர். கண்ட காட்சி உடனே உலகெங்கும் பரவிற்று. ஆனால் எடுத்த உயிர்களுக்குப் பெயர் காணும் வேலை, இன்றும் நுண்ணோக்கியின் முன் பொறுமையோடு அமரும் சிலரின் தோளிலேயே விழுகிறது. கருவிகள் எத்துணை விரைந்தாலும் அவ்வேலைக்கு மனிதக் கண்ணும் பழகிய கையும் வேண்டும்.

நம் நாடும் இம்முயற்சிக்குப் புறம்பன்று. 1982 சனவரியில் தென்துருவக் கண்டத்தில் இறங்கிய முதல் இந்தியக் குழுவின் தலைவர் காசிம் ஒரு கடலியல் அறிஞர். இன்று மைத்ரி, பாரதி என்னும் இரு நிலையங்கள் அங்கே நமக்கு உள்ளன. வருங்காலத்தில் அங்கே செல்லும் கப்பலில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவரும் இருக்கலாம். செல்லாமல், ஃபோவெலைப் போல ஒரு மேசையின் முன் அமர்ந்து கடலையே ஆராயவும் கூடும்.

ஆதலின் நம் வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். கொல்கத்தாவிலோ சென்னையிலோ வேறு நகரிலோ, விடுமுறை நாளில் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, யானையின் எலும்புக்கூட்டோடு நின்றுவிடாதீர்கள். புட்டிகள் வைத்திருக்கும் மூலைக்கும் போங்கள். நிறம் வெளுத்த அந்த உயிரைச் சற்றே நோக்கி, அதனடியில் உள்ள சீட்டைப் பிள்ளைகளைக் கொண்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எழுதிச் சேர்ப்பதற்குச் சிலர் புயலில் சென்றார்கள்; சிலர் இருளில் நோயோடு இருந்தார்கள்; இருவர் திரும்பவே இல்லை. அவர்கள் சேர்த்ததைப் படித்துப் போற்றுவது நம் பிள்ளைகளின் பங்கு.